நியான் நிறம்: சுவருக்கா, விளக்குக்கா, தாளுக்கா?

'ரேடியம் கலர்' என்று கேட்டால் ஸ்டேஷனரிக் கடைக்காரர் எடுத்துப் போடும் அந்தப் பச்சையும் ரோஸும் ஆரஞ்சும் தெருச் சுவரொட்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்து வெகுகாலமாகிறது. பிள்ளையின் அறையில் ஒரு சுவர் முழுக்க நியான் பச்சை வேண்டும் என்று ஓர் அடம். பிறந்தநாளுக்கு நியான் அலங்காரம் வேண்டும் என்று இன்னோர் அடம். வரவேற்பறையில் பெயரெழுதிய ஒளிரும் பலகை வேண்டும் என்று பெரியவர்களுக்கும் ஓர் ஆசை. ஒரே பெயரில் வழங்கினாலும் இவை மூன்றும் மூன்று வேறு பொருள்கள். செலவு வேறு, ஆயுள் வேறு, பிடிக்காமல் போனால் கழற்றிப் போடும் பாடும் வேறு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியான் வாங்கும்போது எந்த நிறம் என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை நாள் கண்ணெதிரே நிற்கப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு மாலைப்பொழுதுக்கு என்றால் தாராளமாக வாங்கிக் குவிக்கலாம். ஐந்தாண்டுக்கு என்றால் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. இதில் ரசனைக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு அந்தச் சாயத்தின் குணத்துக்கு.

அந்தப் பளீர் எங்கிருந்து வருகிறது

சாதாரண ஆரஞ்சு பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஆரஞ்சுக்குரிய பங்கைத் திருப்பி அனுப்பும். மற்றதை விழுங்கிச் சூடாக்கிவிடும். நியான் ஆரஞ்சு விழுங்கியதையும் சும்மா விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும், நீல, பச்சை ஒளியையும் உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை ஆரஞ்சாக மாற்றி வெளியே விடுகிறது. ஆகவே அதன்மேல் விழுந்த ஆரஞ்சு ஒளியைவிட அதிலிருந்து கிளம்பும் ஆரஞ்சு ஒளி அதிகமாக இருக்க முடியும். சுற்றியுள்ள எல்லாப் பொருளையும் விட அது மட்டும் தூக்கலாகத் தெரிவது இதனால்தான். அந்தி சாயும் நேரத்திலும் மேகமூட்டத்திலும் மற்ற நிறங்கள் மங்கும்போது இது மங்காமல் நிற்கும். சாலைப் பணியாளர்களுக்குப் பச்சை கலந்த மஞ்சள் அங்கியைக் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அந்தப் பச்சைமஞ்சளைத்தான்.

இந்தச் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் பாப் ஸ்விட்சர், ஜோ ஸ்விட்சர் என்ற சகோதரர்கள். 1933-இல் வேலையிடத்தில் விழுந்து அடிபட்ட பாப், மருத்துவர் சொற்படி இருட்டறையில் நாள் கழிக்க வேண்டியிருந்தது. ஜோவுக்கோ மேஜிக் பைத்தியம். கலிபோர்னியாவில் தந்தையின் மருந்துக் கடைக்குள் இருவரும் புற ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு போய், எந்தப் புட்டி ஒளிர்கிறது என்று தேடியதில் தொடங்கியது கதை. முதலில் இருட்டு மேடையில் வித்தை காட்ட உதவிய அந்தப் பூச்சுகள், பிறகு பகல் வெளிச்சத்திலேயே ஒளிரும் வகைகளாக வளர்ந்தன. இரண்டாம் உலகப் போரில், கீழே நிற்பது தங்கள் படை என்று விமானங்களுக்குக் காட்டும் துணிப் பலகைகளாயின. கிளீவ்லாந்தில் அவர்கள் நடத்திய நிறுவனமே பின்னாளில் டே-குளோ ஆனது. 2012-இல் அமெரிக்க வேதியியல் கழகம் இந்தச் சாயங்களின் உருவாக்கத்தைத் தேசிய வேதியியல் வரலாற்றுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. வித்தைக்காரன் மேடைக்கும் போர்க்களத்துக்கும், அதாவது பார்ப்பவன் கண்ணைப் பிடுங்குவதற்கென்றே உருவான நிறம் இது. படுக்கையறைச் சுவருக்கு இழுத்து வரும்போது இந்தப் பூர்விகத்தை மறக்கக்கூடாது.

ஒளிரவைக்கும் கதிரே அதைத் தின்னவும் செய்கிறது. வெயில் படப்படச் சாய மூலக்கூறுகள் உடைந்து, ஒளிர்வு முதலில் போகும். பிறகு நிறமும் வெளுக்கும். வெயிலில் ஒட்டிய நியான் சுவரொட்டி சில வாரங்களில் சோர்ந்து போவதைத் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் வேகம் குறைவு. ஆனால் திசை அதேதான்.

இன்னொரு சங்கடம், இதைப் படத்தில் பார்த்து வாங்க முடியாது. போன் திரையும் நான்கு மை கலக்கும் டிஜிட்டல் அச்சும் இந்த நிறங்களின் எல்லையைத் தொடுவதே இல்லை. இணையத்தில் பார்த்த ரோஸும் கையில் வரும் ரோஸும் ஒன்றாக இராது. நியான் நிறத்தில் அழைப்பிதழ் வேண்டுமென்று கோப்பை அனுப்பினால் சாதாரண டிஜிட்டல் அச்சகத்திலிருந்து வாடிய ரோஸ்தான் திரும்பி வரும். அதற்கென்று தனி மை ஊற்றி ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடமோ, தனி நிறமாக ஆப்செட்டில் ஓட்டுபவரிடமோ போக வேண்டும். அச்சகங்கள் நிறத்தை எண்ணால் குறிக்கப் பயன்படுத்தும் பான்டோன் அட்டையில் 801 முதல் 807 வரையுள்ள எண்கள் இந்த வகை. எண்ணைச் சொன்னால் பேச்சு சுருங்கும்.

சுவர்

பெயின்டைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. எளிதில் திரும்பப் பெற முடியாத முடிவு அதுதான்.

ஒளிர் பெயின்டுக்கு மூடும் திறன் குறைவு. அது ஓரளவு கண்ணாடித்தன்மை உள்ளது. ஒளி அதற்குள் புகுந்து, அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பினால்தான் பளீர் வரும். அடியில் சுத்த வெள்ளை இல்லாமல் பழைய கிரீம் சுவரின் மேலேயே அடித்தால், நியான் பச்சை என்று வாங்கியது வாடிய வாழையிலைப் பச்சையாக வந்து நிற்கும். ஆகவே பட்டி பார்த்து, வெள்ளை பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு மூன்று கோட்டிங் மெலிதாக ஓட்ட வேண்டும். டப்பா சிறிது, விலை சாதாரண எமல்ஷனைவிடக் கூடுதல், கூலியும் சேரும். எல்லாம் முடிந்த பிறகு வெளுப்பைத் தடுக்க மேலே புற ஊதாத் தடுப்பு வார்னிஷ் அடிக்கலாம் என்பார்கள். அடிக்கலாம்தான். ஆனால் அந்த வார்னிஷ் தடுப்பது எந்தக் கதிரை? நிறத்தை ஒளிரவைக்கும் அதே கதிரை. ஆயுள் கூடும், பளீர் கொஞ்சம் குறையும். பின்னால் பேசப்போகும் 'பிளாக் லைட்' என்ற புற ஊதா பல்பு போட்டால் அந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தெரியும்.

செலவை விடுங்கள். அறைக்குள் நடப்பதைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு சுவர் நியான் பச்சையானால் பச்சை அந்தச் சுவரோடு நிற்காது. எதிர்ச்சுவரின் வெள்ளை பச்சையாகும், கூரை பச்சையாகும், கட்டில் விரிப்பும் பச்சை பூசிக்கொள்ளும். கண்ணாடி முன் நின்று தலைவாரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைக்கத் தோன்றும். அந்த அறையில் எடுக்கும் படங்களில், போன் தானாக நிறத்தைச் சரிசெய்யப் போய், முகத்தை ஒரு பக்கமும் சுவரை ஒரு பக்கமும் இழுக்கும். சுவரோ எந்த மேடுபள்ளமும் இல்லாத ஒரே அப்பலாகப் பதிவாகும்.

படிப்பு மேசைக்கு எதிரே இந்தச் சுவர் இருந்தால் இன்னும் மோசம். நியான் பச்சையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வெள்ளைத் தாளுக்குக் கண்ணைத் திருப்பினால், அந்தத் தாளில் ரோஸ் திட்டு மிதக்கும். கண்ணின் இயல்பு அது, கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கணக்குப் போடும் பிள்ளைக்கு இந்த வேடிக்கை தேவையில்லை.

பிள்ளையிடம் எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம், அளவைக் குறைக்கலாம். புத்தக அலமாரியின் உள்முதுகில் நியான் அடித்துப் பாருங்கள். புத்தகங்களுக்கு நடுவே கீற்றுக் கீற்றாக எட்டிப்பார்க்கும். அலமாரியின் பக்கப்பலகைகளே தடுப்பாக நின்று, நிறம் அறைக்குள் கசியாமல் பார்த்துக்கொள்ளும். வெயிலும் அங்கே நேராகப் படாது. பழைய வீடுகளில் இருக்கும் மாடக்குழிக்கும் இதே நியாயம் பொருந்தும். ஸ்டூலின் கால்கள், கதவின் பக்கவாட்டு விளிம்பு, மேசை இழுப்பறையின் உட்புறம் என்று திறந்தால் மட்டும் தெரியும் இடங்களில் நியானுக்குத் தனி அழகு உண்டு. இதுவும் போதாது என்று சிணுங்கினால், ஓர் ஒட்டுப்பலகையை வெள்ளையடித்து, அதன்மேல் நியான் பூசி, ஆணியில் மாட்டிக் கொடுங்கள். அலுத்துவிட்டால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைத் தவிர வேறு வழியும் கிடையாது. காலி செய்யும்போது நியான் சுவரை மறைக்க வெள்ளை பிரைமருக்கும் கூலிக்கும் அட்வான்ஸில் கைவைப்பார்கள்.

துணி

துணியில் சொல்ல அதிகம் இல்லை. ஜன்னல் திரைச்சீலை நியானில் வேண்டாம்; வெயில் முழுவதையும் வாங்குவது அதுதான், மடிப்புகளில் வெளுத்தும் வெளுக்காமலும் வரிவரியாகப் பல்லிளிக்கும். சோபா திண்டு உறை நல்ல தேர்வு. ஒன்று அல்லது இரண்டு, சாம்பல், கருநீலம், மர நிறம் ஆகியவற்றுக்கு நடுவே. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையுள்ள வீட்டில் அதுவும் வேண்டாம் என்பேன்; தரையே அங்கே போதுமான அளவு பேசிக்கொண்டிருக்கிறது. துவைத்தால் தனியாகத் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் உலர்த்துங்கள்.

விளக்கு

நெடுங்காலம் நிற்கக்கூடிய நியான் ஒன்று இருக்கிறது என்றால் அது விளக்குத்தான். காரணம் எளிது: அதற்கு ஸ்விட்ச் இருக்கிறது.

உண்மையான நியான் விளக்குக்கும் நாம் இதுவரை பேசிய சாயங்களுக்கும் உறவு பெயரளவில்தான். நியான் என்ற வாயுவை 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் கண்டறிந்தார்கள். 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து எரியவிட்டார். சுத்த நியான் எரிந்தால் வருவது செம்மையேறிய ஆரஞ்சு ஒன்றே. நீலத்துக்கு ஆர்கானும் துளிப் பாதரசமும் வேண்டும். மற்ற நிறங்களுக்குக் குழாயின் உட்சுவரில் ஒளிர்பூச்சு வேண்டும். இதை எரிய வைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை. தீயில் கண்ணாடியை வளைத்து எழுத்தாக்குகிற கைவேலை அருமையானது. எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுரக்கும் அந்த ஒளிக்கு இன்றுவரை ஈடில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்து விளையாடும் பிள்ளைகள் உள்ள கூடத்தில் கண்ணாடி, உயர் மின்னழுத்தம், சில நிறங்களில் பாதரசம் என்று மூன்றையும் ஒன்றாக மாட்டிவைக்க நான் சொல்ல மாட்டேன்.

கடைகளில் இன்று நியான் பலகை என்று விற்பது அனேகமாக எல்.இ.டி. வகை. சிலிகான் குழாய்க்குள் சின்னஞ்சிறு எல்.இ.டி. வரிசை, பின்னால் அக்ரிலிக் பலகை, 12 வோல்ட் அடாப்டர். தொட்டால் ஷாக் அடிக்காது, உடையாது, அதிகம் சூடாகாது. மின்செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 24 வாட் பலகை ஒன்று தினமும் மாலை நான்கு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. வாங்கும் விலைதான் கை கடிக்கும். பெயரெழுதிச் செய்து வாங்கினால் ஆயிரங்களில் போகிறது.

ஆர்டர் கொடுக்கும்போது பலரும் கேட்க மறப்பது குழாயின் நிறத்தைப் பற்றி. எரியாதபோதும் ரோஸாகவே தெரியும் நிறக் குழாய் ஒன்று. எரியாதபோது பால்வெள்ளையாகவும் எரியும்போது மட்டும் ரோஸாகவும் இருப்பது மற்றொன்று. ஒரு நாளில் பலகை எரியும் நேரத்தைவிட எரியாமல் தொங்கும் நேரம்தான் அதிகம். வெள்ளைச் சுவரில் பால்வெள்ளைக் குழாய் பகல் முழுக்கக் கண்ணை உறுத்தாமல் கிடக்கும். நான் அதையே தேர்வேன்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உண்டா என்று கேளுங்கள். கூடத்துக்கு முழு வெளிச்சம் எப்போதும் அதிகம். படுக்கையறை என்றால் நீலமும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். இரவில் நீல ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஆரஞ்சோ சிவப்போ பரவாயில்லை. டி.வி.க்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் திரை முழுக்க உங்கள் குடும்பப் பெயர் இடவலம் மாறித் தெரிந்துகொண்டிருக்கும். அடாப்டரைச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே திணிக்காமல் காற்றுப் படும் இடத்தில் விடுங்கள். பலகையின் தேவையைவிடச் சற்றுக் கூடுதல் வாட் உள்ள அடாப்டர் என்றால் அது திணறாது. துளை போட அனுமதிக்காத வீட்டில், பரணுக்குக் கீழேயுள்ள கொக்கியிலிருந்து மீன்பிடி நரம்பில் தொங்கவிடலாம்.

தாளும் நாடாவும்

ஒரு நாள் விருந்துக்கு இதை வெல்ல ஆளில்லை. பத்து இருபது ரூபாய்ச் சார்ட் தாளில் கிடைக்கும் பளீர், ஆயிரம் ரூபாய்ப் பொருளில்கூடக் கிடைக்காது. மறுநாள் கழற்றி எறிகிற பொருளுக்கு வெளுப்பதும் அலுப்பதும் ஒரு குறையே இல்லை. செலவழிக்கும் காசுக்கு முழுப் பலன் இங்கேதான்.

ஆனால் தாளிலும் வகை உண்டு. சார்ட்களில் பல, ஒரு பக்கம் மட்டும் ஒளிர்மை பூசியவை, பின்பக்கம் வெள்ளை. சுவரில் எழுத்து வெட்டி ஒட்ட அது போதும். காகித விசிறி, கூண்டு, திரும்பித் திரும்பித் தொங்கும் தோரணம் என்று இரு பக்கமும் தெரிகிற வேலைக்கு, முழுத்தாளும் நிறமேறிய மெல்லிய வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசிய சார்ட்டை மடித்தால் இன்னொரு தொல்லை: மடிப்புக் கோட்டில் பூச்சு வெடித்து, வெள்ளைக் கீறல் தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஒருமுறை இழுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் மடித்தால் வெடிப்பு வெகுவாகக் குறையும். மடிப்பின் உட்புறத்தில் பூச்சு வருமாறு மடித்தால் இன்னும் நல்லது. டப்பாவில் வரும் ஒளிர் போஸ்டர் வண்ணம் உலர்ந்ததும் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டும். குழந்தைகள் தொடும் பொருளுக்கு அக்ரிலிக் வகை மேல்.

பின்புலம் கறுப்பாக இருக்கட்டும். கறுப்புச் சார்ட்டின்மேல் நியான் ஆரஞ்சு எழுத்து எழுந்து நிற்கும். வெள்ளைச் சுவரில் நியான் மஞ்சள் எழுத்து ஒட்டுவது வீண் வேலை. இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம், நாலடி தள்ளி நின்றால் யார் பிறந்தநாள் என்றே தெரியாது. நிறங்களையும் இரண்டோடு நிறுத்துங்கள். ரோஸும் பச்சைமஞ்சளும், கூடக் கறுப்பு. நான்கு நியானும் ஒன்றாகச் சேர்ந்தால் எதுவும் தூக்கலாகத் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் காதில் எதுவும் விழாதல்லவா?

ஒட்டுவதற்கு இருபக்க டேப் வேண்டாம். டிஸ்டெம்பர் சுவரிலிருந்து அதை உரிக்கும்போது தாளோடு சுவரின் தோலும் வரும். ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொக்கிக்கு நூல் கட்டித் தோரணமாகத் தொங்கவிடுவதே பழைய, பழுதில்லாத வழி.

நவராத்திரிக் கொலுவுக்கு இந்தத் தாள்களைப் படிகளின் பின்னால் விரிப்பதைச் சில வீடுகளில் பார்க்கிறேன். என் மனம் ஒப்பவில்லை. மண் பொம்மையின் கன்னச் சிவப்பும் பட்டுக்கரையின் மஞ்சளும் நியானுக்கு முன்னால் தூசி படிந்ததாகத் தெரிகின்றன. கொலுவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அமைக்கும் பூங்காவிலோ கிரிக்கெட் மைதானத்திலோ அது இருக்கட்டும். வாசலில் கலர் கோலப்பொடிக்கு ஆட்சேபம் இல்லை. மறுநாள் காலை தண்ணீர் தெளித்தால் போய்விடும்.

பகலா, இருட்டா

விருந்தைப் பகலில் வைப்பதா, விளக்கணைத்து பிளாக் லைட்டில் வைப்பதா என்பதைத் தாள் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் வாங்க வேண்டியவை வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். நியான் தாள் இருட்டில் தானாக ஒளிராது. விளக்கை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். அணைத்த பிறகும் பச்சையாக மினுங்கும் கூரை நட்சத்திர ஸ்டிக்கர்கள் வேறு இனம். அவை ஒளியைச் சேமித்து மெல்ல விடுபவை. முறித்தால் எரியும் குச்சிகள் மூன்றாவது இனம். உள்ளேயிருக்கும் சிறு கண்ணாடிக் குப்பி உடைந்து இரண்டு திரவங்கள் கலந்து ஒளி தருகின்றன. அவற்றைக் கடிக்கவோ வெட்டவோ பிள்ளைகளை விடக்கூடாது. திரவம் கண்ணில் பட்டால் எரியும். ஒரு முறைதான் பயன்படும் பிளாஸ்டிக் என்பதால் எனக்கு அதில் விருப்பமும் இல்லை.

பகல் விருந்துக்குச் சாதகம், செலவே இல்லை. காலை அல்லது மாலை நேரத்தில் ஜன்னலோரம் அலங்கரித்தால் போதும். மஞ்சள் வெளிச்சம் தரும் பல்புகளின் கீழ் நியான் சோர்ந்து போகும், வெள்ளை எல்.இ.டி.யில் நீல ஒளி கூடுதலாக இருப்பதால் சற்று உயிர் வரும். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் விருந்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இருட்டு விருந்து கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் வேலை அதிகம். கூடம் உண்மையிலேயே இருட்டாக வேண்டும். மே மாதத்தில் ஜன்னலெல்லாம் அடைத்துத் திரை போட்டால் இருபது பிள்ளைகளும் வியர்வையில் நனைவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். பல்பு வாங்கும்போது ஊதா நிறம் பூசிய அலங்கார பல்பைக் கொடுத்து ஏமாற்றுவார்கள். அது வெறும் ஊதா வெளிச்சம், எதையும் சரியாக ஒளிரவைக்காது. பெட்டியில் 365 அல்லது 395 நானோமீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். 395 வகை மலிவு. அறை முழுக்க ஊதாப் படலம் பரவும். 365 வகையில் அந்த ஊதா குறைந்து, ஒளிரும் பொருள்கள் மட்டும் மிதப்பதுபோல் தெரியும். விலை அதற்கேற்பக் கூடும். ஒரு மாலைக்கு 395 போதும் என்பது என் கருத்து. எதுவாயினும் பல்பை நேராக உற்றுப் பார்க்க விடாதீர்கள். பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு மேலே, கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள்.

கடையில் நியான் என்று பெயர் ஒட்டிய எல்லாமும் இதில் ஒளிராது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் நம்பகமானவை. நீலமும் ஊதாவும் பல நேரம் வெறும் பளிச்சென்ற சாயங்கள். பிளாக் லைட்டில் கறுத்துப்போகும். கள்ள நோட்டுப் பார்க்க உதவும் சிறிய புற ஊதா டார்ச் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, கல்லாவுக்குப் பக்கத்தில் நிழலான மூலையில் தாளைப் பிடித்து அடித்துப் பாருங்கள். ஒளிர்ந்தால் வாங்கலாம்.

வீட்டிலேயே ஒளிரும் சரக்கும் இருக்கிறது. சலவைத் தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை நீலவெள்ளையாக எரியும். தூளில் சேர்க்கும் ஒளிர் வெளுப்பூட்டி அப்படி. விருந்தினரை வெள்ளை உடையில் வரச்சொன்னால் பாதி அலங்காரம் தானாக நடந்து வந்துவிடும். ஹைலைட்டர் பேனாவால் எழுதியது ஒளிரும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தால் அதிலுள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பச்சைமஞ்சளாக ஒளிரும்; மஞ்சள்தூளைச் சானிடைசரில் கரைத்தாலும் அப்படியே. இரண்டும் காட்சிக்கு மட்டும். மூடி இறுக்கி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

முகத்தில் கோடு போட்டுக்கொள்ளப் பிள்ளைகள் கேட்பார்கள். அக்ரிலிக்கையோ போஸ்டர் வண்ணத்தையோ தோலில் பூசாதீர்கள்; முகத்துக்கென்று விற்கும் வண்ணம் தனியாக இருக்கிறது.

தட்டில் வேண்டாம்

அலங்காரத்தின் வேகத்தில் கேக்கும் இனிப்பும்கூட நியானில் வேண்டும் என்று தோன்றும். இங்கே நான் முழு எதிர்க்கட்சி. பளீர் ரோஸ் தரும் ஒளிர்சாயங்களில் முக்கியமானது ரோடமின் குடும்பம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததற்குக் காரணமான ரோடமின்-பி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புதுச்சேரியில் அதற்குச் சில நாள் முன்பே தடை வந்துவிட்டது. துணிக்கும் தாளுக்கும் உரிய சாயம், உணவில் அனுமதி இல்லாதது. அனுமதிக்கப்பட்ட செயற்கை வண்ணங்களை, அளவுக்குள் எவ்வளவு சேர்த்தாலும் சார்ட் தாளின் பளீர் வராது. ஆகவே கண்ணைப் பறிக்கும் ரோஸில் மிட்டாயோ ஐஸிங்கோ கண்டால் சந்தேகப்படுவதே புத்தி. ஒளிர்தாளை வடை, பஜ்ஜிக்கு அடியில் விரிக்கவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் நிறம் இறங்கும். வாழையிலையோ வெள்ளைத் தட்டோ போதும். தட்டு வைக்கும் மேசை விளிம்பைச் சுற்றி நியான் நாடா ஒட்டுங்கள்.

பானத்தில் ஏதாவது ஒளிர்ந்தே ஆகவேண்டும் என்றால் டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடா இருக்கிறது. அதிலுள்ள குவினைன் பிளாக் லைட்டில் வெளிர்நீலமாக எரியும். கசப்பு என்பதால் குழந்தைகள் ஒரு மிடறுக்கு மேல் தொட மாட்டார்கள். பெரியவர்கள் மேசையில் ஐஸ் கட்டி போட்டு வைத்து, பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுங்கள்.